கிடைக்குமா சார்?

ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். தஞ்சாவூர், திருச்சி, கடைசியில் மறுபடியும் தஞ்சாவூர். உங்களில் சிலர் என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றிருப்பீர்கள். அத்தனை வருஷத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி எது என்றால் யோசிக்காமல் சொல்வேன்: "வெயிட்டிங் லிஸ்ட் பன்னெண்டுன்னு போட்டிருக்கே, கிடைக்குமா சார்?"

ஓய்வு பெற்று முத்துப்பேட்டை வீட்டுக்கு வந்த பிறகும் அதே கேள்விதான். டிக்கெட்டுக்குப் பதில் காலேஜ் சீட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பேரனுக்காக இந்த என்.ஐ.டி. கவுன்சலிங் அட்டவணைகளையெல்லாம் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். அது தெருவில் எப்படியோ பரவிவிட்டது. இப்போது ஜூன் பிறந்தால் திண்ணையில் யாராவது ஒரு பிள்ளை மொபைலோடு உட்கார்ந்திருக்கும். "ரேங்க் இது. வெளி மாநிலத்துல கிடைக்குமா?"

பன்னிரண்டு என்ற எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. பொங்கலுக்கு மறுநாள் சென்னை போகிற வண்டியில் பன்னிரண்டு என்றால் வீட்டில் படுத்துத் தூங்கலாம். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு என்றால் பெட்டியைக் கட்டலாம். வண்டி கிளம்புகிற ஊரிலிருந்து எடுத்த டிக்கெட்டா, நடுவழி ஸ்டேஷனிலிருந்து எடுத்ததா என்பதைப் பொறுத்தும் மாறும், ஏனென்றால் கோட்டா வேறு. இதெல்லாம் பார்க்காமல் "கிடைச்சுடும் சார்" என்று சொல்கிற கிளார்க்கும், "ம்ஹூம்" என்று தலையாட்டுகிற கிளார்க்கும் எனக்கு ஒன்றுதான். இரண்டு பேரும் கணக்குப் பார்க்கவில்லை.

அப்படிக் கணக்குப் பார்க்காமல் தலையாட்டிய ஒரு ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான்.

1994. என் மகன் பிளஸ் டூ முடித்திருந்தான். அப்போதெல்லாம் என்.ஐ.டி. கிடையாது, ஆர்.இ.சி. என்பார்கள். நம் பக்கத்தில் திருச்சி, அது 1964-ல் வந்தது. அதற்கு முன்னாலேயே வாரங்கல் 1959, சூரத்கல் 1960, கோழிக்கோடு 1961. ஒவ்வொன்றிலும் பாதி இடம் அந்த மாநிலத்துக்கு, மீதிப் பாதி மற்ற மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. மகன் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்: "அப்பா, வாரங்கல்லுக்குப் போட்டுப் பாக்கலாமா?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதெல்லாம் நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் கிடைக்காதுடா" என்றேன். அவன் அதற்கு மேல் பேசவில்லை. நானும் அதை அன்றோடு மறந்துவிட்டேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவனோடு படித்த பையன் ஒருவன் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னான். "எங்கப்பா படிச்சே?" என்றேன். "வாரங்கல் மாமா." அவனுக்கு என் மகனைவிட மார்க் குறைவு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் ரிசல்ட் வந்த அன்றைக்கு அவன் அப்பாவிடம் நான் கொஞ்சம் பெருமையடித்திருந்தேன். பக்கத்தில் நின்ற என் மகன் ஒன்றும் சொல்லாமல் மோர் எடுத்துக் குடித்தான்.

மகன் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறான், ஓசூரில் வேலை. வாரங்கல் போகாததால் வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என் வருத்தம் வேறு. முன்பின் தெரியாத பயணிக்குக்கூட, "கொஞ்சம் இருங்க, போன வாரம் இந்த வண்டியில எத்தனை வரைக்கும் கன்ஃபர்ம் ஆச்சுன்னு பாத்துச் சொல்றேன்" என்று சொன்னவன், சொந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் வீட்டுக்கு வீடு ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறோம். பாதிப் பேர் "நமக்கெல்லாம் கிடைக்காது" என்போம். மீதிப் பாதி, "நல்ல மார்க்காச்சே, கிடைக்காம எங்கே போகும்" என்போம். முதலாவது பிள்ளையை மனுப் போடவே விடாது. இரண்டாவது பிள்ளையை ஆகஸ்ட் மாதம் ஒன்றுமில்லாமல் நிறுத்தும். இது அதிர்ஷ்டமோ ஜாதகமோ சம்பந்தப்பட்ட விஷயமல்ல. முக்கால்வாசி கூட்டல் கழித்தல். அதற்கு வேண்டிய எண்கள் எல்லாமே வெளிப்படையாகக் கிடக்கின்றன.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பெண். வாப்பா துபாயில் ஒரு கடையில் வேலை. இங்கே அம்மாவும் பெரியம்மாவும் இந்தப் பெண்ணும் ஒரு தம்பியும். ஜே.இ.இ. மெயின் எழுதியிருந்தாள். 2021 முதல் அந்தப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம், அது பலருக்குத் தெரியாது. இவள் இங்கிலீஷில்தான் எழுதினாள். அகில இந்திய ரேங்க் நாற்பத்தோராயிரத்துக்குச் சற்று மேல். அம்மா அவளை அழைத்துக்கொண்டு வந்தபோதே முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணே, கோச்சிங்ல படிச்ச பையன் ஒருத்தன் பாத்துட்டு, கோழிக்கோடெல்லாம் நினைக்காதீங்கன்னுட்டாண்ணே. அங்க பன்னெண்டு, பதிமூணாயிரத்தோடயே முடிஞ்சுடுதாம். இவ நாப்பத்தி ஒண்ணு."

அட்டவணையைக் காட்டச் சொன்னேன். பையன் பார்த்தது ஓ.பி.சி. வரிசை. அந்த வரிசையில் போட்டிருப்பது ஓ.பி.சி. பட்டியலுக்குள் உள்ள ரேங்க், அகில இந்திய ரேங்க் இல்லை. பொது வரிசைக்கு மட்டும்தான் அகில இந்திய ரேங்க். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. வரிசைகளில் அந்தந்தப் பட்டியலின் ரேங்க். "உன் ஸ்கோர் கார்டுல ரெண்டாவதா ஒரு நம்பர் இருக்கும், அதைப் படி" என்றேன். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அம்மாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பையன் கெட்டவனில்லை. கோட்டாவைப் பார்க்காமல் நம்பரை மட்டும் பார்த்தான், அவ்வளவுதான். என் கவுண்டரில் படித்தவர்களே அப்படித்தான் செய்வார்கள்.

அடுத்தது ஜாதிச் சான்றிதழ். அம்மா பி.சி. முஸ்லிம் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தது. நம் மாநிலத்தில் அதற்கென்று 3.5 சதவீதம் தனியாக உண்டு. ஆனால் மத்திய அரசுக் கல்லூரியில் அந்தத் தனிப் பிரிவு கிடையாது. நம் ஊர் பி.சி., எம்.பி.சி., பி.சி. முஸ்லிம் எல்லாரும், மத்தியப் பட்டியலில் அந்தச் சமூகத்தின் பெயர் இருந்தால், ஒரே ஓ.பி.சி. 27 சதவீதத்துக்குள் வருவார்கள். அதற்கு வேறு படிவத்தில், 'கிரீமி லேயர் அல்ல' என்று அந்த நிதியாண்டிலேயே வாங்கின சான்றிதழ் வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நம் மாநிலத்தில் கொடுக்கிற 7.5 சதவீதமும் அங்கே செல்லாது. எல்லை தாண்டினால் நம் ஊர்க் கணக்கு எதுவும் கூட வராது. இது தெரியாமல் ஏப்ரலில் சும்மா இருந்துவிட்டு ஜூன் மாதம் தாசில்தார் ஆபீசில் வரிசையில் நிற்கிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

பெண்களுக்கு ஒரு சாதகம் உண்டு. 2018-லிருந்து பெண்களுக்கென்று தனி வரிசை வைத்துக் கூடுதல் இடங்கள் கொடுக்கிறார்கள். அந்த வரிசையில் கடைசி ரேங்க் பெரும்பாலும் பொது வரிசையைவிடத் தள்ளிப் போகும். அதையும் அந்தப் பையன் பார்க்கவில்லை. ஆக ஒரே பெண்ணுக்கு ஒரே கல்லூரியில் ஒரே பாடத்துக்கு நாலு கதவு: பொது, பொதுவில் பெண், ஓ.பி.சி., ஓ.பி.சி.யில் பெண். எந்தக் கதவு திறக்கிறதோ அதில் நுழையலாம். ஒரு கதவைத் தட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் எப்படி?

இனி மாநிலக் கணக்கு. இதுதான் இருப்பதிலேயே பெரியது.

என்.ஐ.டி. மொத்தம் 31. ஒவ்வொன்றிலும் பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு, பாதி மற்றவர்களுக்கு. பழைய ஆர்.இ.சி. ஏற்பாட்டின் மிச்சம் இது. நம் பிள்ளைகளுக்குத் திருச்சி சொந்த மாநிலம். திருச்சியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மாதிரிப் பாடத்துக்கு, சொந்த மாநில வரிசையின் கடைசி ரேங்க் வெளிமாநில வரிசையைவிடச் சில மடங்கு தள்ளி நிற்பதைப் பார்க்கலாம். காரணம் என்னவென்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். 2007-லிருந்து நம் மாநிலத்தில் இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்குப் பிளஸ் டூ மார்க்கே போதும் என்பதால், நம் பிள்ளைகளில் பலர் ஜே.இ.இ. பக்கமே போவதில்லை. போகிறவர்களுக்குத் திருச்சியில் கூட்டம் குறைவு. அதே பிள்ளை சூரத்கல்லுக்கோ கோழிக்கோட்டுக்கோ போட்டால் வெளிமாநிலத்தான். அங்கே இந்தியா முழுவதும் ஒரே வரிசையில் நிற்கும். திருச்சியில் கிடைக்கிற ரேங்குக்கு அதைவிடச் சின்ன கல்லூரி என்று நாம் நினைக்கிற இடத்தில் கிடைக்காமல் போவது இதனால்தான். "திருச்சியே கிடைக்குதாம், காரைக்கால் ஏன் கிடைக்காது?" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

காரைக்கால் கதை விசித்திரம். 2010-ல் வந்த புதுச்சேரி என்.ஐ.டி. இருப்பது காரைக்கால் திருவேட்டக்குடியில். இங்கிருந்து திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம், நாகூர் தாண்டினால் வந்துவிடும். காலையில் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆனால் கணக்கில் அது நமக்கு வெளிமாநிலம். வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பீகார்ப் பிள்ளையும் முத்துப்பேட்டைப் பிள்ளையும் ஒன்றுதான். காரைக்காலுக்குள் படித்த பிள்ளைக்கோ அது சொந்த மாநிலம், திருச்சி வெளிமாநிலம். காவிரித் தண்ணி இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், கோட்டா மட்டும் வேறு.

சொந்த மாநிலம் என்பது பிறந்த ஊரோ, ரேஷன் கார்டோ இல்லை. பிளஸ் டூ எங்கே பாஸ் செய்தது என்பதுதான். இதில் ஏமாந்தவர்கள் உண்டு. கோச்சிங்குக்கு ஹைதராபாத் போய், அங்கேயே ஒரு ஜூனியர் காலேஜில் பிளஸ் டூ முடித்த மன்னார்குடிப் பையனுக்குத் திருச்சி வெளிமாநிலம் ஆகிவிட்டது. தகப்பனாருக்கு அது கவுன்சலிங்கின்போதுதான் தெரிந்தது. நம் ஊரில் பலர் வளைகுடாவில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அங்கே பிளஸ் டூ முடிக்கிற இந்தியப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள நிரந்தர முகவரியே மாநிலத்தைத் தீர்மானிக்கும். பழைய பாஸ்போர்ட்டில் பம்பாய் முகவரி கிடந்தால் இப்போதே கவனியுங்கள்.

இந்தப் பாதிப் பாதி நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் நியாயம் என்கிற கட்சி. நிலம் கொடுத்த ஊர், தண்ணீர் கொடுத்த ஊர், தன் பிள்ளைக்குப் பாதி கேட்பதில் தவறில்லை. மீதிப் பாதி மற்ற ஊர்ப் பிள்ளைகள் வருவதற்கு. அவர்கள் வராவிட்டால் அது இன்னொரு உள்ளூர்க் காலேஜ்தானே? உலகத்திலேயே நாம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் மகன், தன் பெண்ணுக்கு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் இடம் கிடைக்குமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். அங்கே முதல் வருஷத்தில் சேருகிற பிள்ளைகளில் வெளிமாநிலத்தார் 18 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 1986-லிருந்தே கட்டுப்பாடு. அவன் குடியிருப்பது நியூஜெர்சி. "அந்தக் காலேஜ்ல மொத்தம் எத்தனை சதவீதம் பேருக்குக் கிடைக்குதுன்னு போட்டிருக்கே மாமா" என்றான். மொத்தத்தைப் பார்க்காதே, உன் வரிசையை மட்டும் பார் என்றேன். சம்பளம் டாலரில் வாங்கினாலும் கேள்வி அதே கேள்விதான்.

சரி, எண்ணை எப்படிப் பார்ப்பது? ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இரண்டுக்கும் சேர்த்து ஜோசா என்கிற அமைப்பு 2015-லிருந்து கவுன்சலிங் நடத்துகிறது. ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பாடத்திலும், ஒவ்வொரு வரிசையிலும், முதலில் நுழைந்த ரேங்க் எது, கடைசியாக நுழைந்த ரேங்க் எது என்று சுற்று வாரியாக அதன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். காசு கிடையாது. ஐ.ஐ.டி.க்குச் சொந்த மாநிலம் என்கிற பேச்சே இல்லை, அதற்கு அட்வான்ஸ்டு என்று தனிப் பரீட்சை, அதை விடுங்கள். என்.ஐ.டி.க்கு மூன்று வருஷத்துக் கடைசி ரேங்கை ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன். ஒரு வருஷம் போதாது. பரீட்சை எழுதுகிறவர் தொகை மாறும், இடம் கூடும், ஒரு வருஷம் எல்லாரும் கம்ப்யூட்டர் என்று ஓடுவார்கள், இன்னொரு வருஷம் எலக்ட்ரிக்கல் பக்கம் திரும்புவார்கள்.

மூன்று வருஷத்தில் மிகக் கடுமையான வருஷத்தைப் பாருங்கள். அந்த வருஷத்தில்கூட உங்கள் ரேங்க் உள்ளே வருகிறதென்றால் அது கன்ஃபர்ம் மாதிரி. ஒரு வருஷம் வருகிறது, ஒரு வருஷம் வரவில்லை என்றால் ஆர்.ஏ.சி., உட்கார இடம் உண்டு, படுக்கை கிடைத்தாலும் கிடைக்கும். மூன்று வருஷமும் வெளியே என்றால் வெயிட்டிங் லிஸ்ட். அதிலும் கொஞ்சம் வெளியேவா, ரொம்ப வெளியேவா என்று பாருங்கள். முதல் சுற்றுக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலே உள்ளவர்கள் ஐ.ஐ.டி.க்கு நகர நகர, கடைசிச் சுற்றில் எல்லை நன்றாகத் தள்ளிப் போகும். சார்ட் போடுகிற நேரத்தில் ரத்தான டிக்கெட்டெல்லாம் கீழே இறங்குவது போல.

அந்தப் பெண்ணுக்கு இப்படி உட்கார்ந்து எழுதினோம். அதாவது அவள் எழுதினாள், நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரி பார்த்தேன். கோழிக்கோடு சிவில் ஆர்.ஏ.சி. மாதிரி வந்தது. வேறு நாலைந்து இடங்கள் கன்ஃபர்ம் மாதிரி. சூரத்கல் எலக்ட்ரிக்கல் வெயிட்டிங் லிஸ்ட், அதுவும் நல்ல தூரத்தில்.

அடுத்து விருப்பப் பட்டியல். இங்கேதான் அம்மா பிடிவாதம் பிடித்தது. "அண்ணே, நிச்சயம் கிடைக்கிறதை மேல போடுவோம்ணே. மேல பெருசாப் போட்டுட்டு, அது கிடைக்காம, கீழ இருக்கிறதும் போயிட்டா?"

இந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. படித்த வாத்தியார்களே இப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது தவறு. பத்து வண்டிப் பெயரை வரிசையாக எழுதிக் கொடுக்கிறீர்கள். கம்ப்யூட்டர் உங்களுக்காக முதல் வண்டியில் கேட்கிறது. இல்லையென்றால் இரண்டாவது வண்டியில் கேட்கிறது. இரண்டாவது வண்டியில் கேட்கும்போது, "நீ முதல் வண்டிக்கு ஆசைப்பட்டவன்தானே" என்று யாரும் உங்களைப் பின்னால் தள்ளமாட்டார்கள். உங்கள் ரேங்க் என்னவோ அதே இடம்தான். மேலே ஒரு பேராசையை எழுதுவதால் கீழே ஒரு பைசா நஷ்டமில்லை. நிச்சயமானதை மேலே போட்டால்தான் நஷ்டம், அது உடனே கிடைத்துவிடும், அதற்குக் கீழே இருக்கிற உங்கள் ஆசையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆகவே பிடித்த வரிசையில் எழுத வேண்டும். வாய்ப்புக் கணக்கு எதற்கு என்றால், பட்டியலின் அடியில் நிச்சயமானவை போதுமான அளவு இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு.

ஒரு எச்சரிக்கை. கிடைத்தால் போகமாட்டோம் என்கிற இடத்தை எழுதவே கூடாது. இடம் கிடைத்து, பணம் கட்டி ஏற்கவில்லையென்றால் அந்தக் கவுன்சலிங்கை விட்டே வெளியே வந்துவிடுவீர்கள். ஏற்றுக்கொண்டு, "மேலே உள்ளது காலியானால் மாற்றிக் கொடு" என்று சொல்ல வழி உண்டு. 'ஃப்ளோட்' என்பார்கள். 'ஃப்ரீஸ்' என்று அழுத்தினால் அதோடு சரி. அவசரத்தில் ஃப்ரீஸ் அழுத்திவிட்டு வந்தவர்களும் என் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எப்படிச் சொல்லியும் அம்மாவுக்குப் பாதிதான் மனசு சமாதானம். துபாய்க்கு வீடியோ கால் போட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ ஆசைப்படி போடட்டும், கணக்கு சரியா இருக்குல்ல?" என்றார். வெளியூரில் பிழைக்கிறவருக்கு வெளியூர் பயமாக இல்லை.

பயந்தது பெரியம்மா. "புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பணுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டது, என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை. அதையும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஹாஸ்டல், சாப்பாடு, பாஷை, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் வந்து சேருகிற நேரம், எல்லாம் கணக்கில் வர வேண்டியவைதான். நான் சொல்வது இதுதான்: அனுப்ப மனமில்லையென்றால் "அனுப்ப மனமில்லை" என்று சொல்லுங்கள். அதைக் "கிடைக்காது" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். 1994-ல் நான் செய்தது அதுவாகத்தான் இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. வாரங்கல் தூரம் எனக்குப் பயமாக இருந்திருக்கலாம். செலவும்தான்.

செலவுக்கும் கணக்கு உண்டு. என்.ஐ.டி.யில் டியூஷன் ஃபீஸ் ஒரு செமஸ்டருக்கு 62,500 ரூபாய். குடும்ப வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குள் என்றால் அது முழுவதும் தள்ளுபடி. ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு முழுத் தள்ளுபடி. ஹாஸ்டல், மெஸ் தனி. பக்கத்து ஊர்த் தனியார் காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கொடுக்கிற பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் "வசதியில்லை" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. பணம் வாங்கிக்கொண்டு, "உங்க ரேங்குக்கு இந்தக் காலேஜ் நாங்க வாங்கித் தர்றோம்" என்று போன் வரும். யாரும் வாங்கித் தர முடியாது. இருக்கிற அட்டவணையையே கலர் போட்டு அச்சடித்துக் கொடுப்பார்கள். தட்கல் நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற புரோக்கரை எனக்குப் பழக்கம் உண்டு, அதனால் குரலைக் கேட்டாலே தெரியும்.

இன்ஜினியரிங் மட்டும் இல்லை. பி.ஏ., பி.எஸ்ஸி.க்கு டில்லி, ஹைதராபாத் மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022-லிருந்து கியூட் என்ற நுழைவுத் தேர்வு. அதற்கு முன்னால் டில்லியில் பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கட்-ஆஃப் போடுவார்கள். 2021-ல் சில கல்லூரிகளில் சில பாடங்களுக்கு முதல் கட்-ஆஃபே நூற்றுக்கு நூறு. அங்கே சொந்த மாநிலம், வெளிமாநிலம் என்கிற பாதிப் பாதி கிடையாது. ஆகவே நம் பிள்ளைக்கும் டில்லிப் பிள்ளைக்கும் ஒரே வரிசை. மருத்துவம் தனிப் புராணம். அரசுக் கல்லூரிகளில் 15 சதவீதம்தான் அகில இந்தியாவுக்கு, அதன் அட்டவணையே வேறு. அதை ஒரு தனிக் கட்டுரையாக எழுத வேண்டும்.

நம் திருவாரூர் நீலக்குடியில் 2009-லிருந்து மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் மலையாளம் காதில் விழாமல் இருக்காது. கேரளத்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டு, பட்டியல் எழுதி, மூட்டை கட்டி நம் வயல்வெளிக்கு வந்து படிக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருந்திருப்பார், சுவரைப் பார்த்துக் கேட்டிருப்பார். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே எதிர்த்திசையில் போகிறார்கள் என்று பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணின் விஷயத்தை முடித்துவிடுகிறேன். முதல் சுற்றில் பட்டியலில் ஏழாவதாக எழுதியது வந்தது. அம்மா, "போதும்ணே, இதையே எடுத்துக்கச் சொல்லுங்க" என்றது. பெண் ஃப்ளோட் போட்டாள். இரண்டாவது சுற்றில் அதுவே நின்றது. அந்த வாரம் நானும் சரியாகத் தூங்கவில்லை, கணக்கில் எங்காவது பிசகியிருப்போமோ என்று நோட்டை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். நாலாவது சுற்றில் கோழிக்கோடு சிவில் வந்தது. சூரத்கல் கடைசி வரைக்கும் வரவில்லை. வராது என்று நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தோம், ஆனாலும் முதல் இடத்தில் அதைத்தான் போட்டிருந்தாள்.

இந்த வருஷம் அவள் தம்பி பிளஸ் ஒன் போகிறான். அம்மா இப்போதே ஓ.பி.சி. சான்றிதழுக்கு எப்போது மனுக் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. பரீட்சை வருகிற நிதியாண்டில், ஏப்ரல் பிறந்ததும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் அந்த வயதில் பேரனோ பேத்தியோ இருந்தால் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டும் பேனாவும் கொண்டு வந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் திண்ணையில்தான் இருப்பேன்.